மூணு தடவை உடைஞ்ச கட்டர் டிரைவ்: ஒரு பெல்ட் மெஷின்ல நடந்தது, கண்டுபிடிச்சது, மாத்துனது

நெல் அறுக்குற மெஷின் வச்சிருக்கவங்களுக்கும் ஓட்டுறவங்களுக்கும்தான் இதை எழுதுறேன். 2023 சம்பா அறுப்புல எங்க பெல்ட் மெஷின், அதாவது டயருக்குப் பதிலா ரப்பர் டிராக்ல ஓடுற அறுப்பு மெஷின், மொத்தம் அஞ்சு நாள் வயல்லயே நின்னுச்சு. என்ஜின் நல்லா இருக்கு, டிராக் நல்லா இருக்கு, கதிரடிக்கிற டிரம் நல்லா இருக்கு, முன்னாடி பயிரை வெட்டுற ஹெட்டர்ல கத்தியை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுற அந்த சின்ன அமைப்பு மட்டும் மூணு தடவை மூணு வேற வேற இடத்துல உடைஞ்சுது. அஞ்சு நாள் வாடகை போனது ஒரு பக்கம், எங்களுக்காக காத்துக்கிட்டிருந்த ஒரு பெரியவரோட 3 ஏக்கர் வெள்ளைப் பொன்னி சாஞ்சு தண்ணியில கிடந்து முளை விட்டுருச்சு, அது இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதனால என்ன நடந்துச்சுன்னு ஒண்ணுவிடாம எழுதிடுறேன்.

முதல்ல மெஷின் பத்தி. 2 மீட்டர் கட்டர், அப்போ மீட்டர்ல 1,400 மணி நேரம் ஓடியிருந்துச்சு. கத்தியில 26 பிளேடு, ரிவிட் அடிச்சது. ஒரு பிளேடுக்கும் அடுத்த பிளேடுக்கும் 76 எம்எம், கத்தி ஒரு தடவை நகர்ற தூரமும் அதே 76 எம்எம். டிரைவ் எப்படி வருதுன்னா, ஹெட்டர் சைடுல பெல்ட்டு ஒரு புல்லியை சுத்தும், புல்லி கிராங்கை சுத்தும், கிராங்க்ல இருந்து கனெக்டிங் ராடு வந்து ஒரு ஸ்விங் ஆர்ம்ல மாட்டியிருக்கும், அந்த ஆர்ம் ஒரு புஷ்ல (தேய்மானம் தாங்குற உலோகக் குழாய்) உக்காந்து ஊஞ்சல் மாதிரி ஆடும், அதோட இன்னொரு முனைதான் கத்தியோட தலையைப் பிடிச்சு இழுத்து தள்ளும். டெல்டாவுல ஓடுற பெல்ட் மெஷின் நிறையது ஏறக்குறைய இந்த மாதிரிதான்.

அந்த வருஷம் பிப்ரவரி முதல் வாரத்துல டெல்டாவுல பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும். அறுப்புக்கு வந்து நின்ன சம்பாவும் தாளடியும் அப்படியே படுத்துருச்சு. நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம் இருந்தோம். மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே நாள்ல மெஷின் வேணும், ஏன்னா கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கணக்கு, வயல்ல ஒவ்வொரு நாள் கூடுதலா கிடக்கக் கிடக்க நெல்லு கறுத்துப் போகும். அந்த அவசரத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

முதல் நாளே டிரைவர் தம்பி வந்து "அண்ணே, சாஞ்ச பக்கம் போனா கத்தி நின்னு நின்னு ஓடுது, பெல்ட்டு தீயுற வாடை வருது"ன்னு சொன்னான். நான் பெல்ட்டு லூசு ஆயிருக்கும், டைட் பண்ணிக்கோன்னு போன்லயே சொல்லிட்டேன். பண்ணினான், வாடை நின்னுச்சு. மறுநாள் டக் டக்னு ஒரு சத்தம், கத்தி ஒவ்வொரு தடவை திரும்பும்போதும். அதையும் சொன்னான். இந்த வயல் முடியட்டும் பாத்துக்கலாம்னு சொன்னேன். மூணாவது நாள் சாயந்திரம் கனெக்டிங் ராடு ஆர்ம்ல மாட்டுற கண்ணு பக்கத்துல பட்டுனு முறிஞ்சுது.

ராத்திரி கடை எங்க இருக்கும், பக்கத்து ஊர்ல வெல்டிங் பட்டறையில குடுத்து ஒட்ட வச்சு 11 மணிக்கு மாட்டுனோம். காலையில 4 மணி நேரம் ஓடுச்சு, அப்புறம் வெல்டு நல்லா இருக்க, வெல்டுக்கு பக்கத்துல ஒடிஞ்சுது. இதை நான் முதல் உடைப்போடவே சேத்துக்கிறேன், ஒரே ராடுதான். அடுத்த நாள் புது ராடு வாங்கி மாட்டுனோம். ஒரு நாள் ஓடுச்சு, ரெண்டாவது உடைப்பு, ராடையும் ஆர்மையும் சேக்குற போல்ட்டு கட். 8.8 போல்ட்டு (தலையில பொறிச்சிருக்குற பலத்தோட நம்பர் அது) பத்தல போல, இன்னும் கெட்டியா போடுன்னு ஒருத்தர் சொல்ல, 12.9 போல்ட்டு வாங்கிப் போட்டோம். போல்ட்டு உடையவே இல்ல. ஒன்றரை நாள் கழிச்சு ஸ்விங் ஆர்மே நடுவுல பிளந்து, ஆடிக்கிட்டிருந்த வேகத்துல ஹெட்டர் சைடு தகட்டை கிழிச்சிருச்சு. அதுக்கப்புறம் வயல்ல வச்சு செய்ய ஒண்ணும் இல்ல, முழுசா நின்னு போச்சு.

அந்தப் பெரியவர் வரப்புல நின்னு "மறுபடி மழை வந்துச்சுன்னா முளைச்சிரும் தம்பி"ன்னு மட்டும்தான் சொன்னார். திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

எங்க ஊர் பக்கத்துல இருந்து ஒரு மெக்கானிக் அண்ணனை பஸ் ஏத்தி வரவச்சேன். அவர் வந்ததும் மெஷினைப் பாக்கல, "உடைஞ்ச துண்டெல்லாம் எங்க?"ன்னு கேட்டார். பாதியைத் தூக்கிப் போட்டிருந்தோம், ராடோட முதல் துண்டும் போல்ட்டும் டூல் பாக்ஸ்ல கிடந்துச்சு. ராடு உடைஞ்ச முகத்தைத் துடைச்சு வெயில்ல காட்டினார். முக்கால்வாசி இடம் வழவழன்னு இருக்கு, அதுல அலை வந்து போன மணல்ல கோடு கோடா நிக்குமே அது மாதிரி வளைவு வளைவா ரேகை, ஒரு ஓரத்துல துரு கூட ஏறியிருக்கு. மிச்ச கால்வாசி மட்டும் சொரசொரன்னு புதுசா மின்னுது. "இது மூணாவது நாள் உடைஞ்சது இல்ல தம்பி, விரிசல் விட்டு பல நாள் ஆச்சு, கிரீஸ் துளை ஓரத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு, கடைசியா தாங்க ஆள் இல்லாம விட்டிருக்கு"ன்னார். கல்லு ஏதாவது சிக்கி ஒரே அடியில உடைஞ்சிருந்தா முகம் முழுக்க சொரசொரப்பாதான் இருக்கும், பெரும்பாலும் வளைஞ்சும் போயிருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சா தேட வேண்டிய இடமே மாறிடும். ஒரே அடின்னா வயல்ல என்ன கிடந்துச்சுன்னு தேடணும். ரேகை விழுந்திருந்தா மெஷின்லதான் நாள்பட்ட கோளாறு இருக்கு, புது ராடு போட்டாலும் அதே கதிதான்.

போல்ட்டையும் பாத்தார். மரை முழுக்க தேஞ்சு பளபளன்னு இருக்கு, போல்ட்டு போற ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருக்கு. அதாவது போல்ட்டு முதல்ல லூசாகி, அப்புறம்தான் வெட்டுப்பட்டிருக்கு. இங்க ஒரு விஷயம் எனக்கு அன்னைக்குதான் புரிஞ்சுது. ரெண்டு இரும்பை நல்லா இறுக்கிப் பிடிச்சா அதுங்களுக்கு நடுவுல இருக்குற பிடிமானமே இழுப்பைத் தாங்கிக்கும், போல்ட்டு தண்டுல வெட்டு விழாது. லூசான போல்ட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வளைஞ்சு நிமிரும், எட்டு புள்ளி எட்டா இருந்தாலும் பன்னெண்டு புள்ளி ஒன்பதா இருந்தாலும். கெட்டி போல்ட்டைப் போட்டு நாங்க செஞ்சது ஆர்மை பலி குடுத்ததுதான்.

அப்புறம் கத்தியை டிரைவ்ல இருந்து கழட்டிட்டு "கையால தள்ளு"ன்னார். நானும் டிரைவரும் சேந்து கால் ஊன்றித் தள்ளியும் வரல. நல்லா செட் பண்ணின கத்தி ஒரு ஆள் கையாலயே போய் வரணும். அங்கயே பாதி பதில் கிடைச்சிருச்சு.

ஏன் வரல? ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தோம். கத்தி உள்ள ஓடுறதுக்கு முன்னாடி வரிசையா நீட்டிக்கிட்டிருக்குற கூர் முனைகளைத்தான் ஃபிங்கர்னு சொல்றது, இடது பக்கம் அதுல நாலு மேல தூக்கிட்டு நிக்குது. தை மாசம் ஒரு வயல்ல வரப்புல மூக்கு குத்தினதை டிரைவர் அப்பவே சொல்லியிருந்தான், கண்ணுக்கு பெரிசா தெரியலன்னு விட்டிருந்தோம். ஹெட்டரோட ரெண்டு கோடிக்கும் நூல் கட்டிப் பாத்தா அந்த நாலும் 3, 4 எம்எம் விலகி நிக்குது, கத்தி அந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் வளைஞ்சு ஏறி இறங்கணும். அடுத்தது, கத்தியை மேல இருந்து அமுக்கி வைக்கிற கிளிப்பு. சாஞ்ச நெல்லு சரியா வெட்டாம மெல்லுதுன்னு டிரைவர் எல்லா கிளிப்பையும் சுத்தியால தட்டி இறக்கி வச்சிருந்தான். வெட்டு கொஞ்சம் நல்லா வந்துச்சு, கத்தி பிரேக் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. அதுக்கு அடியில காஞ்சு கல்லா போன சேறு, வைக்கோல் தூசு.

இதெல்லாம் கத்தியை கனமாக்குச்சு. இன்னொரு பக்கம் ஆர்ம் ஆடுற புஷ். கையால ஆட்டினாலே ஆடுது, 2 எம்எம் கிட்ட தேய்மானம். கிரீஸ் உள்ள போற சின்ன முனை, அதான் நிப்பிள், அதோட வாய்ல சேறு இறுகி அடைச்சிருக்கு, தினமும் கிரீஸ் கன் வச்சு அடிச்சோம், அது நிப்பிளைச் சுத்தி வெளியதான் வழிஞ்சிருக்கு, உள்ள ஒரு சொட்டு போகல. கிரீஸ் அடிச்சாச்சுன்னு நோட்டுல டிக் மட்டும் தவறாம இருக்கு. டக் டக்னு வந்த சத்தம் இந்த புஷ்தான்.

இந்த 2 எம்எம் ஆட்டம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு கொஞ்சம் கணக்கோட சொல்லிடுறேன், ஏன்னா இது புரியாமதான் நாங்க உடைஞ்சதையே மாத்தி மாத்திப் போட்டோம். கிராங்க் நிமிஷத்துக்கு 500 சுத்து சுத்துதுன்னு வச்சுக்குவோம். ஒரு சுத்துக்கு கத்தி ரெண்டு தடவை நின்னு திரும்பும், அப்போ நிமிஷத்துக்கு 1,000 தடவை, 10 மணி நேரம் ஓட்டினா 6 லட்சம் தடவை. கத்தி எடை 5 கிலோ, 76 எம்எம் நகர்வுன்னா, நெல்லே இல்லாம சும்மா ஓட்டினாலும் ஒவ்வொரு கோடியிலயும் அதை நிறுத்தித் திருப்ப 50 கிலோவுக்கு மேல இழுவிசை வேணும். கத்தியோட எடையைப் போல பத்து மடங்கு. புஷ்ஷும் பேரிங்கும் டைட்டா இருந்தா இந்த 50 கிலோ சீரா ஏறி சீரா இறங்கும். நடுவுல இடைவெளி இருந்தா கிராங்க் அந்த இடைவெளியை வேகமா கடந்து வந்து மோதும். ஆணியை சுத்தியால அமுக்கினா இறங்குமா, ஓங்கி அடிச்சாத்தானே இறங்குது, அந்த வித்தியாசம்தான். ஒரு நாளைக்கு ஆறு லட்சம் அடி. எந்த ராடு தாங்கும்?

இதுலயே இன்னொண்ணு. கத்தி சரியா வெட்டலன்னு சிலர் வேகத்தை ஏத்துவாங்க. வேகத்தை 10 சதவீதம் ஏத்தினா இந்த இழுவிசை 10 இல்ல, 21 சதவீதம் ஏறும், வேகத்தோட வர்க்கத்துல போறதால. சாஞ்ச பயிர்ல செய்ய வேண்டியது மெஷின் நடையைக் குறைக்கிறது, சாஞ்ச திசைக்கு எதிராவோ குறுக்காவோ போய் அறுக்கிறது. பயிரை கத்திப் பக்கம் இழுத்துக் குடுக்குற ரீலை ரொம்ப இறக்கி அதோட கம்பி கத்தியில உரச விடுறதும் தப்பு, ஒரு அங்குலமாவது இடைவெளி வேணும், இல்லன்னா பிளேடு முனை தெறிச்சிரும்.

வெல்டிங்கால வந்தது தனி வினை. முறிஞ்ச ராடை ஒட்டும்போது 5 எம்எம் குட்டையாயிருச்சு. கத்தி கோடிக்குப் போய் நிக்கும்போது பிளேடோட நடுக்கோடு ஃபிங்கரோட நடுக்கோட்டுக்கு நேரா வந்து நிக்கணும், ரெண்டு பக்கமும். ராடு குட்டையானா ஒரு பக்கம் தாண்டிப் போகும், இன்னொரு பக்கம் வராமலே திரும்பும், வெட்டாத தாளு உள்ள சிக்கி மெல்லும், கத்தி இன்னும் கனமாகும். கூடவே வெல்டு சூடு பட்ட பக்கத்து இரும்பு குணம் மாறி உடையுற தன்மைக்கு வந்துரும், அதான் வெல்டு நிக்க பக்கத்துல ஒடிஞ்சுது. நட்டநடு ராத்திரியில வேற வழி இல்லாம ஒட்டுறதைக் குறை சொல்ல மாட்டேன், நானே செஞ்சவன், ஆனா நீளத்தை அளந்துட்டு ஒட்டுங்க, பேரிங்கைக் கழட்டி வச்சுட்டு ஒட்டுங்க, ராடை மெஷின்ல மாட்டி வச்சுக்கிட்டே ஒட்ட வேண்டி வந்தா பேட்டரி வயரை எடுத்துருங்க, எர்த்தை வெல்டு பக்கத்துலயே கவ்வ விடுங்க. கரண்டு பேரிங் வழியா போனா அதோட ஆயுசு அன்னைக்கே முடிஞ்சுது.

கடைசியா பெல்ட்டு. எனக்கு ரொம்ப வலிச்சது இதுதான். முதல் நாள் பெல்ட்டு வழுக்கி வாடை வந்துச்சே, அது பெல்ட்டோட கோளாறு இல்ல, கத்தி கனமாயிருக்குன்னு மெஷின் சொன்ன முதல் வார்த்தை. கத்தி ஓவரா பிடிச்சா பெல்ட்டு வழுக்கி மத்த பாகத்தைக் காப்பாத்தும். நாங்க பெல்ட்டை இறுக்கி அந்த வழியை அடைச்சோம், சுமை ராடுக்குப் போச்சு. ராடை மாத்தினோம், போல்ட்டுக்குப் போச்சு. போல்ட்டை கெட்டியாக்கினோம், ஆர்முக்குப் போச்சு. ஒவ்வொரு ரிப்பேரும் சத்தத்தை மட்டும் நிறுத்திட்டு சுமையை அடுத்த ஆளு தலையில தூக்கி வச்சுது.

சரி பண்ண ஒரு முழு நாள் ஆச்சு, பொருள் வர ஒரு நாள். புது ஆர்ம், புது புஷ், ரெண்டு பேரிங், ராடு ஏற்கனவே புதுசு. வளைஞ்ச நாலு ஃபிங்கர்ல ரெண்டை பைப்பு மாட்டி நிமிர்த்தினோம், ரெண்டு வெடிப்பு விட்டிருந்ததால மாத்தினோம். நூல் கட்டி எல்லா ஃபிங்கரையும் ஒரே கோட்டுக்கு கொண்டு வந்தோம். கிளிப்பைத் தூக்கி, கத்தி கையால நகர்ற வரைக்கும் செட் பண்ணினோம், மேலயும் கீழயும் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. கிளிப்பு இடைவெளிக்கு உங்க மெஷின் புக்குல அளவு போட்டிருக்கும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) வச்சுப் பாருங்க, கண்ணளவு வேண்டாம். நீண்டு போன ஓட்டையை லேத்ல குடுத்து புஷ் போட்டு பழைய அளவுக்கு கொண்டு வந்தோம், 8.8 போல்ட்டே போட்டு இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச்ல இறுக்கினோம். மாட்டின உடனே என்ஜின் போடல, புல்லியைக் கையால ரெண்டு சுத்து சுத்தி ரெண்டு கோடியிலயும் நடுக்கோடு பாத்துட்டுத்தான் போட்டோம். டக் டக் சத்தம் போயி ஒரு சீரான சரசரப்பு மட்டும் கேட்டுச்சு.

கையால சுத்துறதுன்னு சொன்னேன்ல, இதுல விளையாட்டே வேண்டாம். என்ஜின் ஆஃப், சாவி உங்க பாக்கெட்ல, ஹெட்டரைத் தூக்கி வச்சிருந்தா சிலிண்டருக்கு லாக் போட்டு, கத்தி முன்னாடி வேற ஆள் கை இல்லன்னு பாத்துட்டுத்தான் புல்லியைத் தொடணும். என்ஜின் நின்னிருந்தாலும் ஒருத்தர் புல்லியை அசைச்சா போதும், அந்தப் பக்கம் விரல் வச்சிருக்கவனுக்கு விரல் போகும். விரல் போன டிரைவர்களை எனக்கு நேர்லயே தெரியும்.

பெரிய வெளிநாட்டு மெஷின்கள்ல இந்த ராடும் ஆர்மும் இல்லாம சுத்துறதை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டமா மாத்துற வாப்ளர் பாக்ஸ் வரும், இல்லன்னா ஜெர்மனியோட ஷூமாக்கர் கம்பெனி செய்யுற மாதிரி கிரக கியர் பாக்ஸ். அந்த கியர் பாக்ஸ் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு பல்சக்கரம் அதைவிட ரெண்டு மடங்கு பெரிய வளையத்துக்குள்ள உருண்டா அதோட விளிம்புல ஒரு புள்ளி நேர்கோட்டுல போய் வரும், மேல கீழ ஆட்டமே இல்ல. 13ஆம் நூற்றாண்டுல நசீருத்தீன் அல் தூசிங்கிற பாரசீக வானியல் அறிஞர் கோள்களோட ஓட்டத்தை விளக்க இதே கணக்கை எழுதி வச்சிருக்கார். ஆனா அந்த டிரைவ் வச்சிருக்கவங்களும் நிம்மதியா இருக்க முடியாது. கத்தி வளைஞ்ச ஃபிங்கர்ல உரசினா அங்கயும் அதே கதைதான், பாக்ஸ் போல்ட்டு லூசாகி ஃபிரேம் வெடிக்கும், ஆயில் அளவு குறைஞ்சா பாக்ஸே போகும். அதுல கத்தித் தலை பேரிங்குக்கு கிரீஸ் ஒண்ணு ரெண்டு பம்புக்கு மேல போகக்கூடாது, அளவுக்கு மீறி அடிச்சா அந்த அழுத்தமே கத்தியைத் தூக்கி ஃபிங்கர்ல உரச விடும்.

இப்போ எங்க மெஷின்ல காலையில 15 நிமிஷம் ஹெட்டருக்குன்னு தனியா ஒதுக்கியிருக்கோம். நிப்பிளைத் துணியால துடைச்சு, பழைய கிரீஸ் புஷ் ஓரமா வெளிய வர்றதைக் கண்ணால பாக்கணும், வரலன்னா நிப்பிளைக் கழட்டிப் பாக்கணும், நிப்பிள் விலை ஒரு டீ காசு. ஆர்மைப் பிடிச்சு ஆட்டிப் பாக்கணும். எல்லா முக்கியமான போல்ட்டுலயும் தலையில இருந்து ஆர்ம் வரைக்கும் ஒரு வெள்ளை பெயிண்ட் கோடு இழுத்து வச்சிருக்கோம், போல்ட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைஞ்சு தெரிஞ்சிரும், இதுக்கு மிஞ்சின மீட்டர் கிடையாது. மதியம் சாப்பிட நிறுத்தும்போது என்ஜின் ஆஃப் பண்ணிட்டு பேரிங் உக்காந்திருக்குற கூட்டை புறங்கையால தொட்டுப் பாக்குறது, ஒண்ணு மட்டும் மத்ததைவிட சூடா இருந்தா அன்னைக்கே கழட்டுறது. சாயந்திரம் சேறு காயுறதுக்குள்ள கத்தி அடியை சுரண்டி விடணும், தண்ணி அடிச்சா பேரிங் சீல் மேல நேரா அடிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் கத்தியைக் கழட்டி கையால தள்ளிப் பாக்குறோம். ரிவிட் லூசான பிளேடை மாத்தாம அடுத்த வயலுக்குப் போறதில்ல. வரப்புல குத்தினா, எவ்வளவு அவசரமா இருந்தாலும் நிறுத்தி நூல் பிடிச்சுப் பாக்குறோம்.

இன்னொரு மாற்றமும் பண்ணினோம், என்னைக் கேட்டா இதுதான் பெரிசு. டிரைவர் சத்தம் மாறுதுன்னு சொன்னா மெஷினை நிறுத்த அவனுக்கே அதிகாரம், என்கிட்ட கேக்க வேண்டியதில்ல. மணிக்கு இவ்வளவுன்னு வாடகை ஓடும்போது நிறுத்துன்னு சொல்ல எனக்கு மனசு வராதுன்னு எனக்கே தெரியும், வண்டியில உக்காந்து கேக்குறவன் அவன், நான் போன்ல இருக்கேன். பேட்டாவும் நின்ன நேரத்துக்கு பிடிக்கிறதில்ல.

அதுக்கப்புறம் வந்த சம்பாவுல ராடு உடையல, போல்ட்டு உடையல. ஒரு பேரிங் மட்டும் மதியம் தொட்டுப் பாக்கும்போது சூடா இருந்து, அன்னைக்கு சாயந்திரமே ஒன்றரை மணி நேரத்துல மாத்தினோம். அந்தப் பெரியவர் வயலுக்கு நாங்களே முதல்ல போனோம், அவர் ஒண்ணும் கேக்கல, அறுத்து முடிச்சதும் மோர் குடுத்தார்.

இந்த வருஷம் கிளம்புறதுக்கு முன்னாடி ஆர்ம் புஷ்ஷை அளந்தோம், அரை எம்எம் தேஞ்சிருந்துச்சு. இன்னும் ஒரு சீசன் ஓடும்னு பட்டறையில சொன்னாங்க. மாத்திட்டுதான் லாரியில ஏத்தினோம்.